கல்செடிகளைக் குடிக்கவைத்துக் கொன்றவர்

தையலம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு பல் டாக்டர் வீட்டுக்குள் நுழைந்தபோது, அவர் முகத்திலிருந்த சூட்டில் ஓர் அண்டாத் தண்ணீரைக் கொதிக்க வைத்திருக்கலாம். மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து முந்தின நாள்தான் வீடு திரும்பியிருந்தார். நடக்கக் கூடாது என்பது உத்தரவு. அவர் நடக்கவில்லை, படையெடுத்து வந்திருந்தார்.

"டாக்டரே, கொலை! ஒண்ணு ரெண்டு இல்ல, இருபத்து மூணு!"

டாக்டரின் மச்சினர் நாற்காலியோடு சேர்ந்து எழுந்தார். முப்பது வருடம் பஸ்ஸில் விசில் ஊதியவர்; ஓய்வு பெற்றபின் 'விசில்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. அவர் அத்தானான டாக்டரோ பல் பிடுங்குவதை விட்டுவிட்டு, அக்கம்பக்கத்தாரின் உண்மைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். விசிலுக்கு இதைவிடச் சொர்க்கம் வேறில்லை.

"யாரு செத்தாங்க?" என்றார் விசில், குரலில் மகிழ்ச்சியை மறைக்கப் படாதபாடு பட்டு.

"என் கல்செடிங்க. பதினோரு வருஷம், விதையிலேர்ந்து வளர்த்தது. அத்தனையும் வெடிச்சு அழுகிப்போச்சு. கொன்னது என் தங்கச்சி. நான் ஆஸ்பத்திரியில கிடந்த பத்து நாளும் சாவி அவகிட்டதான். தண்ணி ஊத்தினேன்னு அவளே ஒத்துக்கிட்டா! நாலு மணி ரயிலுக்கு அவளை அனுப்பிட்டு, இனி அவ இருக்கிற திசையில தலை வச்சுப் படுக்க மாட்டேன். அதுக்கு முன்னாடி நீங்க வந்து, இவதான்னு அவ முகத்துக்கு நேரா ஒரு வார்த்தை சொல்லணும்."

"பார்க்காம சொல்ல மாட்டேன். வாயைத் திறந்து பார்க்காம எந்தப் பல்லையும் நான் பிடுங்கினதில்ல" என்றார் டாக்டர்.

துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் தையலம்மாவின் முன்னறையில், ஜன்னலுக்குக் கீழே தாழ்வான பலகை. அதன்மேல் நீளமான பீங்கான் தட்டில் இருபத்து மூன்று மண்தொட்டிகள். கூழாங்கல் போலத் தடித்த இரண்டு இலைகள், நடுவில் ஒரு கீறல், அதுதான் கல்செடி. கடைவாய்ப் பல்லை நட்டு வைத்தது போலவும் இருக்கும். இப்போது எல்லாம் பிளந்து கூழாகிக் கிடந்தன. விசிலுக்கு மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. துக்க வீடு என்பதால் கையைக் கட்டிக்கொண்டார்.

மூலையில் தங்கை, பூட்டிய பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். அழுது முடித்து, முறைக்கும் கட்டத்துக்கு வந்திருந்தார்.

"என்ன செஞ்சீங்கம்மா?" டாக்டர் கேட்டார்.

"மேல போட்டிருக்கிற பொடிக்கல்லு காய்ஞ்சு கிடந்துச்சு. பாவமா இருந்துச்சு. போன ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு டம்ளர் தண்ணி, தொட்டிக்கு ஒரு ஸ்பூன் விட்டேன். அதுக்கு என்னைக் கொலைகாரின்னு தெருவே கேக்கக் கத்துறா."

"குளிர்காலத்துலடி! குளிர்காலத்துல!" தையலம்மா தடியைத் தட்டினார். "உள்ளுக்குள்ள புது ஜோடி இலை வளருற நேரம். பழைய இலையில இருக்கிற தண்ணியை உறிஞ்சித்தான் அது வளரும். பழசு சுருங்கிக் காகிதமாகிற வரைக்கும் ஒரு சொட்டு விடக் கூடாது. விட்டா பழசும் சுருங்காது, புதுசும் உப்பும், வெடிக்கும்!"

டாக்டர் தரையில் மண்டியிட்டார். ஒரு தொட்டியைத் தூக்கிக் கண்ணருகே பிடித்தார். பழைய பழக்கத்தில், "ஆ காட்டு" என்று அதனிடம் சொல்லப் போகிறார் என்றே விசில் நினைத்தார்.

"நீங்க வழக்கமா என்ன தண்ணி விடுவீங்க?"

"மழைத்தண்ணி. ஜாடியில பிடிச்சு வச்சிருக்கேன். குழாய்த் தண்ணியில சுண்ணாம்பு. என் செடி நாக்குல அதை வைக்க மாட்டேன்."

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி இதுங்க எப்படி இருந்துச்சு?"

"இந்த வருஷம் குளிர் வந்தும் சுருங்கவே இல்ல. ரெண்டு மாசமா கொழுகொழுன்னு இருந்துச்சு. முட்டி வலியில குனிய முடியல, நாற்காலியிலேர்ந்தே பார்த்துப் பூரிச்சேன். எங்க கல்செடிச் சங்கத் தலைவர்கூட, 'உங்க கைராசி'ன்னு..."

"சங்கத் தலைவர் இங்க வருவாரா?"

கண்காட்சியில் மூன்று வருடம் தொடர்ந்து தையலம்மாவிடம் கோப்பையைப் பறிகொடுத்தவர் அவர். போன வருடம் அவருடைய செடியில் பூத்திருந்த மஞ்சள் பூவைத் தையலம்மா நகத்தால் தொட, அது கையோடு வந்துவிட்டது. பசை! முந்நூறு பேர் சிரித்தார்கள். கூரை இடிந்து விழாதது கட்டியவரின் திறமை.

"'பழசை மறந்துட்டேன், கோட்டு நீங்கதான் தைக்கணும்'னு வந்தார். நானும் பெருந்தன்மையா ஒத்துக்கிட்டேன்" என்றார் தையலம்மா.

டாக்டர் அளவு நோட்டை வாங்கிப் புரட்டினார். பிறகு விசிலிடம் மெதுவாகச் சொன்னார்: "கோட்டு தயார்னு தலைவருக்குப் போன் போடுங்க."

தலைவர் அரை மணியில் வந்தார். செடிகளைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார். "அடடா! தெரியாதவங்க கையில சாவியைக் குடுத்தா இப்படித்தான்."

தங்கை பெட்டியிலிருந்து எழுந்தார். விசில் நடுவில் புகுந்து தடுக்காவிட்டால் அன்றைய கணக்கு இருபத்து நான்காகியிருக்கும்.

"உட்காருங்க எல்லாரும்" என்றார் டாக்டர். "இவங்க தண்ணி விட்டது உண்மை. குழாய்த் தண்ணி, மேலேர்ந்து, ஒரு தடவை. அதனால பொடிக்கல்லுல வெள்ளையா ஒரே ஒரு புள்ளி. ஆனா தொட்டியோட வெளிப்பக்கம், அடியில பாருங்க. பல்லுல காரை படியற மாதிரி சுண்ணாம்புக் கோடு. அதுவும் ஒண்ணு இல்ல, அஞ்சு. தட்டுல யாரோ தண்ணி நிரப்பியிருக்காங்க. மண்தொட்டி அடியிலேர்ந்து உறிஞ்சியிருக்கு. அது காயும், மறுபடி நிரப்புவாங்க. மேல கல்லு காய்ஞ்சேதான் இருக்கும்; குனிய முடியாதவங்க கண்ணுக்கு எதுவும் தெரியாது."

"பத்து நாள்ல அஞ்சு தடவை ஊத்த முடியாதா?" என்றார் தலைவர்.

"முடியும். ஆனா பத்து நாள் குடிச்ச செடி, ரெண்டு மாசமா கொழுகொழுன்னு இருக்க முடியாது. குளிர்ல சுருங்க வேண்டியது சுருங்கலைன்னா, இவங்க தங்கச்சி ஊர்லேர்ந்து ரயில் ஏறி இங்க வர்றதுக்கு முன்னாடியே குடிக்க ஆரம்பிச்சிருக்கு."

தையலம்மாவின் தடி நழுவி விழுந்தது. பெருமை கண்ணை மறைத்தது அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

"இந்த ரெண்டு மாசத்துல ஒரு தடவைக்கு மேல வந்த வாடிக்கையாளர் ஒருத்தர்தான், அத்தான்!" விசில் நோட்டைப் பறித்து, பஸ் நிறுத்தங்களை அறிவிக்கும் குரலில் படித்தார். "முதல் வியாழன், கை நீளம் இருபத்து நாலு. ரெண்டாவது, இருபத்து மூணு. மூணாவது, இருபத்து அஞ்சு. நாலாவது, இருபத்து மூணரை. அஞ்சாவது, மறுபடி இருபத்து நாலு!"

"அஞ்சு வியாழன், அஞ்சு கோடு" என்றார் டாக்டர். "ஒவ்வொரு தடவையும் திருத்தித் தைக்க இவங்க உள்ளே மிஷினுக்குப் போவாங்க. நீங்க உங்க தண்ணி பாட்டிலோட இங்க தனியா இருப்பீங்க. நடுவுல உங்க கை வளர்ந்து குறைஞ்சுதா, தலைவரே?"

தலைவர் துள்ளி எழுந்தார்.

"முந்நூறு பேர் முன்னாடி என் பூவைப் பிடுங்கினாங்களே! ஒரு வருஷம் எனக்குத் தூக்கம் இல்ல!"

"ஒட்டினது நீங்கதானே?" என்றார் விசில்.

"ஒட்டினேன்! அதை மெதுவா என் காதுல சொல்லியிருக்கக் கூடாதா?"

தையலம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பதிலுக்கு, 'என் செடியை எடுத்துக்கோங்க'ன்னு சொல்லப் போறீங்களா? வேண்டாம். விதை தர்றேன், இருபத்து மூணு தொட்டியில போடுங்க. பூக்க நாலு வருஷம் ஆகும். வாராவாரம் இங்க கொண்டுவந்து காட்டணும். ஒண்ணு செத்தாலும் முதல்லேர்ந்து. வரலைன்னா, சங்கத்துல இந்த நோட்டை நான் வாசிப்பேன்."

தலைவர் விதையை வாங்கிக்கொண்டு வெளியேறினார். அவருக்கு அப்போதே நான்கு வயது கூடிவிட்டதாக விசில் பிற்பாடு சத்தியம் செய்தார்.

மணி மூன்றே கால். தையலம்மா தங்கை பக்கம் திரும்பினார். உலகத்தையே மிரட்டும் குரல் சுண்டுவிரல் அளவுக்குச் சுருங்கியிருந்தது.

"நான் அவசரப்பட்டுட்டேன்டி. போகாதே."

"போகப் போறதில்ல" என்றார் தங்கை. பெட்டிப் பூட்டைத் திறந்து, மடித்த புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "உன் முட்டி சரியாக இன்னும் ஆறு வாரம் ஆகும்னு டாக்டருங்க சொன்னாங்கல்ல? அந்த ஆறு வாரமும் நான்தான் சமைப்பேன், உப்பே போடாம. மூணு வேளையும் ருசியா இருக்குன்னு நீ சொல்லணும். தெருவே கேக்கச் சொல்லணும்."

"அடியே..."

"இன்னிக்கு ராத்திரியிலேர்ந்து ஆரம்பம், அக்கா."