மட்கார்டு இல்லாத சைக்கிள்

ஒரியானோவின் கன்னத்தில் முதல் சொட்டுச் சேறு வந்து விழுந்தபோது அவருக்கு முன்னால் யாருமே இல்லை. முன்னால் போவதற்கென்றே பிறந்த மனுஷர். புதன்கிழமை சாயங்காலம் கால்வாய்க் கரைமேல் சைக்கிள் விடுகிற அந்த ஆறு பேருக்கும் அவர்தான் தலைவர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, மறுத்துப் பேச யாருக்கும் தெம்பில்லை, அவ்வளவுதான்.

துடைத்துக்கொண்டார். மழை என்று நினைத்தார். ஜனவரியில் இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியில் மழைக்கும் பனிமூட்டத்துக்கும் நடுவே ஒன்று உண்டு, விழாமல் தொங்கிக்கொண்டே ஆளை நனைப்பது. ஆனால் அது மேலேயிருந்து வரும். இதுவோ கீழேயிருந்து, தன் முன்சக்கரத்துக்கு அப்பாலிருந்து, சக்கரம் சுற்றுகிற தாளத்தில் சீராகச் சிதறி வந்துகொண்டிருந்தது. உதட்டை நக்கினால் அழுகிய நாணலும் துருவுமாகக் கசந்தது.

ஈரக்காலத்தில் அந்தக் குழுவுக்கு ஒரு சட்டம்: பின்சக்கரத்துக்கு மட்கார்டு இல்லாதவர் கடைசியில்தான் வர வேண்டும். பின்னால் வருகிறவர் மூஞ்சியில் சேறு அடிக்கக் கூடாதில்லையா. சட்டம் போட்டவர் ஒரியானோ. போன குளிர்காலம் அப்படிக் கடைசிக்குத் துரத்தப்பட்டவள் தையல்கடை நீவெஸ். பாதி வழியில் அவள் செயின் கழன்றுவிட்டது. நிற்கச் சொல்லிக் கத்தினாள். அந்தச் சொல் வழக்கம்போல வாய்க்கு வாய் மாறி முன்னால் வந்தது. ஒவ்வொருவரும் தன் பங்கைச் சொல்லிவிட்டு நிம்மதியாகப் பெடலை மிதித்தார்கள். தலைவர் நிறுத்தவில்லை. மறுநாள் மதகடியில் நீவெஸ் பிணமாகக் கிடைத்தாள். காதில் விழவே இல்லை என்று போலீஸிடம் சொன்னார். ஊரும் நம்பியது, அமெடேயாவின் பாரில் கோழிச்சாறு ஆறிவிடுமே என்று அன்றைக்கு அவர் பறந்த கதையை அவர் முதுகுக்குப் பின்னால் மட்டும்தான் பேசிக்கொண்டது.

நம்பாத ஒரே ஆள் அவர் மனைவி டெல்ஃபினா. அந்தச் சொல்லை அவர் காதில் போட்டவளே அவள்தான். இன்றுவரை அவள் வெளியே சொன்னதில்லை. இன்றைக்கும் இரண்டாவதாக, அவர் முதுகை ஒட்டி வந்துகொண்டிருந்தாள்.

வேகத்தைக் குறைத்தார், சேறும் குறைந்தது. எழுந்து நின்று மிதித்தார். கண்ணாடியில், மூக்கில், பல்லிடுக்கில் சரசரவென்று வந்து அப்பியது. விளக்கு வெளிச்சம் பத்தடிக்கு மேல் பனியில் போகவில்லை, அந்தப் பத்தடியிலும் வெறும் மண். ஆனால் எண்ணெய் காணாத ஒரு செயின் எங்கோ முன்னால் கிறீச்சிட்டுக்கொண்டே போனது. ஈரக் கம்பளி நாற்றம். பிறகு, பெண்கள் துணி தைக்கும்போது வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு முனகுவார்களே, அந்த மாதிரி ஒரு பாட்டு.

"டெல்ஃபினா, நீ முன்னால போ. எனக்கு முட்டி வலிக்குது."

"ஒரு வருஷமா இல்லாத வலி இப்ப எங்கேருந்து வந்துச்சு?"

"சொன்னா போயேன்."

ஒதுங்கி நின்றார். ஐந்து பேரும் தாண்டிப் போனார்கள். கடைசியாக வந்த கசாப்புக்கடைக்காரன் டிஸியானோவுக்கு வாய் சும்மா இருக்குமா: "என்ன தலைவரே, மட்கார்டு கழண்டுடுச்சா?"

கடைசியில் முகம் காய்ந்தது. செயின் சத்தம் இல்லை, பாட்டு இல்லை. வெட்கமாக இருந்தது என்றால் பொய், சுகமாக இருந்தது. அவருக்கு முன்னால் ஐந்து சிவப்பு விளக்குகள், ஒன்றின்பின் ஒன்றாக.

டிஸியானோ திரும்பினான். "தலைவரே, முன்னாலேருந்து சேதி. உங்க வீட்டம்மா மூஞ்சியெல்லாம் சேறாம், கண்ணே தெரியலையாம். முன்னால போறது யாருன்னு உங்களுக்குத் தெரியுமாம். தெரியும்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா இங்கேயே நிறுத்திடுறாங்களாம்."

ஒரு வார்த்தைதான். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்குப் பிறகு போலீஸ், பார், ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசல், எல்லார் பார்வையும்.

"மழைன்னு சொல்லு."

மழையாம், என்றான் டிஸியானோ முன்னால் பார்த்து. மழையாம். மழையாம். ஒவ்வொரு வாயிலும் மெலிந்துகொண்டே போனது. கடைசியில் டெல்ஃபினாவிடம் சேர்ந்தது.

மதகு வந்தது. அங்கே கரை வலப்பக்கம் வளையும். குருடனும் வளைவான்.

முதல் விளக்கு வளையவில்லை.

நேராகப் போனது. இறங்கியது. சத்தம் இல்லை. இரண்டாவதும். மூன்றாவதும். ஒரு அலறல்கூட இல்லை. பழகிய சரிவில் இறங்குகிற மாதிரி. நாலாவது. டிஸியானோ.

பிரேக். வழுக்கல். ஒரு கால் மண்ணில்.

வாயைத் திறந்தார். பல்லிடுக்கில் மணல் நறநறத்தது. கூப்பிட ஒரு பேரும் வரவில்லை.

கரை ஓரம் வரை போய் எட்டிப் பார்த்தார். தண்ணீர் ஆடவே இல்லை. மூட்டம் அதன்மேல் படுத்திருந்தது. அதற்கும் கீழே, ஆழத்தில், ஐந்து சிவப்பு விளக்குகள் வரிசை கலையாமல், அதே இடைவெளி விட்டு, பெடல் மிதிக்கிற நிதானத்தில் முன்னே போய்க்கொண்டிருந்தன.