லேசான ஸ்பிரிங்

முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே, படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றுகொண்டு, சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் கருவியின் உபயோகக் குறிப்பை அவன் மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தான். எதிரே ஜன்னலோரம் ஒரு பெண் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்துகொண்டிருந்தாள். அவளுடைய செருப்புக்கு வாரே கிடையாது.

இருவருக்கும் மூச்சு வாங்கியது. அதை மறைக்கத்தான் இந்த நாடகம். எந்தப் புண்ணியவான் யோசனையோ, மூச்சுத் தசைப் பயிற்சி அறையை மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் வைத்திருந்தார்கள். அன்றைக்கென்று பார்த்து லிஃப்டும் படுத்துவிட்டது.

அவள் நிமிர்ந்தாள். பெரிய கண்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் சிரிப்பு உதட்டுக்கு வருமுன்பே அங்கே வந்து உட்கார்ந்துகொள்கிற கண்கள்... அவனுக்கு ஏற்கெனவே வாங்கிய மூச்சு இன்னும் கொஞ்சம் வாங்கியது.

"நெருப்புப் புடிச்சா என்ன பண்ணணும்னு... மனப்பாடம் ஆயிடுச்சா?"

"ஆச்சு... உங்க செருப்பு... சரியாயிடுச்சா?"

அதற்கு மேல் நடிக்க இருவருக்கும் தெம்பில்லை. சிரித்துக்கொண்டே படியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

பேச்சுவாக்கில் விவரமெல்லாம் வந்தது. அவள் நீச்சல் டீச்சர். நிமோனியாவில் விழுந்து, வாரக்கணக்கில் எந்திரம் அவளுக்காக மூச்சு விட்டது. எழுந்தபோது நோய் போயிருந்தது. மூச்சுத் தசைகள்தான் சொகுசு கண்டு வேலையை மறந்திருந்தன. அவன் வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் சாமான் தூக்குகிறவன். கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் மலை. பீரோவை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றி மாடியிலிருந்து இறக்கியவனுக்கு அந்தப் பெயர் தகும். ஆனைக்கும் அடி சறுக்கும் அல்லவா... ஒரு காய்ச்சலில் கழுத்திலிருந்து இறங்கும் நரம்பு ஒன்று அடிபட்டு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சை இழுக்கிற தசையில் பாதி அசையாமல் நின்றுவிட்டது. இப்போது கம்பெனியில் போன் எடுக்கிற வேலை. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவதால் நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்குகிறான். தொழிலையும் காய்ச்சலையும் சொன்னவன், மற்றது எதையும் அவளிடம் சொல்லவில்லை.

அந்த அறைக்கு வருகிறவர்களில் புகைத்துப் புகைத்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்ட பேக்கரிக்காரர் உண்டு. இதயம் பலவீனமான ஒரு அம்மா உண்டு. பக்கவாதம் வந்த வாத்தியார் உண்டு. வியாதி வேறு வேறு, கருவி ஒன்றுதான். கைக்கு அடக்கமான பிளாஸ்டிக் குழாய், உள்ளே ஒரு ஸ்பிரிங். வாயில் வைத்து, ஸ்பிரிங் தோற்கிற அளவுக்குப் பலமாக மூச்சை இழுத்தால்தான் உள்ளே மூடி திறந்து காற்று வரும். பலம் கூடக்கூட ஸ்பிரிங்கை முறுக்குவார்கள். சொல்லிக் கொடுக்கும் பிசியோதெரபி அம்மாள் நாள் முழுக்க "இழுங்க, இழுங்க" என்றே பேசுவதால், எல்லோருக்கும் அவர் இழுங்க மேடம். பரீட்சை மார்க்கை ஒப்பிடுகிற மாதிரி ஆளாளுக்கு அளவை ஒப்பிட்டு மனசைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று, குழாய் மேலிருந்த அளவுக் கோடுகளை அவர் பிளாஸ்திரி போட்டு மூடிவிடுவார்.

அதைத்தான் டீச்சர் குறைபட்டுக்கொண்டாள், பையிலிருந்து தன் கருவியை எடுத்துக் காட்டி. அவனும் தன்னுடையதை எடுத்தான். இரண்டும் ஒரே நீலம், ஒரே பிளாஸ்திரி. மேலே எழுதின பெயர் தினமும் கழுவிக் கழுவி அழிந்திருந்தது.

"எனக்கு நடுவாந்தரமா வெச்சிருக்காங்கன்னு நினைக்கிறேன். நீங்க ஆள் இருக்கற இருப்புக்கு... நல்லா முறுக்கியிருப்பாங்களே?"

இங்கேதான் அவன் நாக்கு சும்மா இருந்திருக்க வேண்டும். முதல் நாளே மேடம் அவன் ஸ்பிரிங்கை இருப்பதிலேயே கீழ்க்கோட்டுக்குத் தளர்த்திவிட்டு, இதற்குக் கீழே கோடு இருந்தால் அதில் வைத்திருப்பேன் என்று சொன்னவர். ஆனால் அந்தக் கண்கள் அவனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தனவே... எந்த ஆண்பிள்ளைக்கு உண்மை வரும்?

"ஆமா... கிட்டத்தட்ட உச்சி வரைக்கும் முறுக்கிட்டாங்க," என்றான்.

மழை சட்டென்று வலுத்து ஜன்னல் வழியே சாரல் பாய்ந்தது. ஜன்னல் விளிம்பில் வைத்திருந்த பை, கருவி எல்லாவற்றையும் இருவரும் அவசரமாக வாரிக்கொண்டு மேலே ஏறினார்கள். அவள் இமையில் ஒரு துளி தங்கியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, கையில் எடுத்தது எந்தக் குழாய் என்று பார்க்கத் தோன்றவில்லை. அன்று மேடம் தான் ஒரு வாரம் விடுப்பு என்றும், வீட்டில் ஒழுங்காகப் பயிற்சி செய்ய வேண்டும் என்றும் எல்லோரையும் மிரட்டி அனுப்பினார்.

மறுநாளே கம்பெனிக்குப் போன் வந்தது. அண்ணன் வீட்டுப் பீரோவை இடம் மாற்ற எவ்வளவு ஆகும் என்று டீச்சர் கேட்டாள். அதற்கடுத்த நாளும் கேட்டாள். அந்தப் பீரோ கடைசி வரை இருந்த இடத்திலேயே இருந்தது என்பது வேறு கதை. வண்டி டிரைவர் பின்னாலிருந்து "மலை அண்ணே" என்று கூப்பிட்டது போனில் கேட்டுவிட, அன்றிலிருந்து அவன் மலை சார் ஆனான். அவளுக்குக் குதூகலம் தாங்கவில்லை. கருவி அவ்வளவு எளிதாக வருகிறதாம். ஒரே இழுப்பில் காற்று உள்ளே பாய்கிறதாம்.

அவனுக்கோ வரவே இல்லை. கண் இருட்டும்வரை இழுத்தாலும் உள்ளே மூடி அசைய மறுத்தது. இருந்த பாதித் தசையும் போய்க்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டினான். வீட்டில் கூட இருக்கும் அக்காவிடம் சொன்னால் அழுவாள் என்று சொல்லவில்லை. சாமான் தூக்கும் வேலையில் தன் இடத்தை இத்தனை நாள் காலியாக வைத்திருந்த முதலாளியிடம், வேறு ஆளைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். இதை எதையும் போனில் காட்டவில்லை. அவள் சந்தோஷத்தில் மண்ணள்ளிப் போட மனம் வரவில்லை.

வாரக் கடைசியில் அவள் இன்னொரு சேதி சொன்னாள். விடுமுறைக்குப் பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு ஆரம்பமாகிறது. வருகிறாயா இல்லையா என்று மேனேஜர் நெருக்கினார். திங்கட்கிழமை இறங்குகிறேன் என்று சொல்லிவிட்டாள். நான் சொல்கிறவரை தண்ணீரில் கால் வைக்காதே என்று மேடம் சொன்னது நினைவிருக்கிறது. தண்ணீர் நெஞ்சை நாலு பக்கமும் அமுக்கும், தரையில் வராத திணறல் அங்கே வரும், அதுவும் தெரியும். ஆனால் இப்போதுதான் மூச்சு திரும்பிவிட்டதே...

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் கருவியை வெந்நீரில் கழுவினான். ஊறிப்போயிருந்த பிளாஸ்திரி வழுக்கிக்கொண்டு வந்தது. கீழ்க்கோட்டில் இருக்க வேண்டிய அளவு முள் நட்டநடுவில் நின்றது.

முதலில் நெஞ்சு நிறைந்தது. தான் கெட்டுப்போகவில்லை, தசை இருந்தபடியே இருக்கிறது. அடுத்து, ஒரு வாரமாக யாருடைய குழாயை வாயில் வைத்திருந்தோம் என்று உறைத்து, தனியாக நின்றவன் காது மடல் வரை சிவந்தான். அதற்கும் அடுத்துதான் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. நிறம் வடிந்துவிட்டது.

உடனே போன் செய்தான். அவள் எடுத்த எடுப்பில் புதுத் தொப்பி வாங்கியதைச் சொன்னாள். பிள்ளைகள் தன்னை மறந்திருப்பார்களோ என்று பயமாக இருக்கிறது என்றாள். அவன் வாயைத் திறந்தான். உங்களிடம் இருப்பது என் கருவி என்று சொன்னால் போதும், அவ்வளவுதான் வேலை. சொன்னால், உச்சி வரை முறுக்கியது எங்கே என்பாள். அண்ணாந்து பார்த்த அந்தப் பார்வை, அதன்பிறகு இருக்காது. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக்கூடாதென்று நினைப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

"நல்லா பண்ணுங்க டீச்சர்," என்று சொல்லி வைத்துவிட்டான்.

அன்று முழுக்கப் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான். திங்கட்கிழமை காலையில் கம்பெனி வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, நீச்சல் குளத்துக்கு விடச் சொன்னான். உள்ளே போக ஒரு சரிவு, ஒரு மாடிப்படி, நீளமான நடை. எல்லாவற்றையும் ஓடியே கடந்தான். குளத்து விளிம்புக்கு வந்து நின்றபோது பேசுவதற்கு மூச்சு இல்லை.

பிள்ளைகள் வரிசையாகக் கரையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். அவனைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. வாழ்த்தத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்துக் கை அசைத்தாள். அவன் வேண்டாம் என்று கையாட்டினான். அதையும் வாழ்த்தென்றே எடுத்துக்கொண்டு இன்னும் உள்ளே நடந்தாள். தண்ணீர் நெஞ்சுக்கு ஏறியது. அவள் தோள்கள் மேலும் கீழும் போக ஆரம்பித்ததை அவன் பார்த்தான். சிரிப்பு மாறாமலே அவள் கை ஓரத்துக் கம்பியைத் தேடியது.

"டீச்சர்... அது என்னோடது..." குரல் அந்தக் கூரைக்குக் கீழே எல்லோருக்கும் கேட்டது. "உங்ககிட்ட இருக்கறது... என் கருவி. மாறிடுச்சு. உச்சி எல்லாம் பொய்... என்னோடதுதான்... இருக்கறதிலேயே லேசான ஸ்பிரிங்... மேல வந்துடுங்க..."

அவள் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அவள் நெஞ்சு ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அவனும் சொன்னான். மெதுவாகக் கரையேறி, துண்டைப் போர்த்திக்கொண்டு, பிள்ளைகளைக் கூட்டிப் போகும்படி மேனேஜரிடம் கேட்டுக்கொண்டாள். அப்புறம்தான் அவன் பக்கம் திரும்பினாள்.

"எப்பத் தெரியும்?"

"நேத்து மத்தியானம்."

"நேத்து... போன்ல பேசினீங்களே."

"ஆமா."

அவள் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கம்பெனிப் போன் அதன்பிறகு பலமுறை அடித்தது. அவளாக இல்லை. வகுப்பை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டான்.

மேடம் விடுப்பு முடிந்து வந்ததும் அறை அதிர்ந்தது. நுரையீரல் இருக்கிற லட்சணத்துக்கு அடுத்தவர் குழாயை வாயில் வைத்துக்கொண்டீர்களே, கிருமி வந்தால் யார் பொறுப்பு என்று இருவரையும் நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். பேக்கரிக்காரர் சிரித்துச் சிரித்து இருமினார். அளந்து பார்த்ததில் மலை இருந்த இடத்திலேயே இருந்தான். டீச்சர்தான் ஒரு வாரம் லேசாக இழுத்துக்கொண்டிருந்ததில் கொஞ்சம் இறங்கியிருந்தாள். மேடம் புதுப் பிளாஸ்திரியை எடுத்தபோது, தன் கருவிக்கு வேண்டாம், எல்லோரும் பார்க்கட்டும் என்று அவன் சொன்னான்.

வெளியே நடைபாதை பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இடத்தில் பை. அவன் நின்றபடியே பேசினான்.

"இதைச் சொல்லிட்டுப் போயிடறேன் டீச்சர். என்னால மல்லாந்து படுக்க முடியாது. நாற்காலியிலதான் தூங்கறேன். ஒரு வாளித் தண்ணி தூக்கினா... உக்காந்துடுவேன். நரம்பு திரும்பி வருமான்னு டாக்டருக்கே தெரியாது. அன்னைக்குப் படியில இது எதையும் சொல்லாம பெரிய ஆளாட்டம் பேசினேன். ஏன்னா... பார்த்த உடனே உங்களைப் பிடிச்சுப்போச்சு. இதுல கூட்டியும் சொல்லலை, குறைச்சும் சொல்லலை."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமையே சொல்லியிருந்தா, இன்னும் கொஞ்ச நாள் ஆகும்னு மேனேஜர்கிட்ட கௌரவமா சொல்லியிருப்பேன். பிள்ளைங்க முன்னாடி கம்பியைப் புடிச்சுக்கிட்டு நின்னிருக்க மாட்டேன்."

 அவன் தலையை ஆட்டினான். போகலாம் என்று திரும்பினான்.

"முழுக்கக் கேட்டுட்டுப் போங்க," என்றாள். "ஒரு வாரத்துல மூச்சு அப்படி வளராது. அது எனக்குத் தெரியாதா... மத்தவங்களுக்கு மூச்சுப் புடிக்கக் கத்துக்குடுக்கறவ நான். மூணாம் நாளே சந்தேகம் வந்துச்சு. பிளாஸ்திரியைப் பிரிச்சுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். பிரிக்கலை... பயமா இருந்துச்சு. நீங்க எங்கிட்ட பொய் சொன்னீங்க. நான் எனக்கே சொல்லிக்கிட்டேன். இதுல யாரை யார் மன்னிக்கிறது?"

 கோபம் போய்விட்டதா என்று அவன் கேட்டான்.

"இருக்கு. நல்லாவே இருக்கு." இப்போதுதான் நிமிர்ந்தாள். கண்ணில் நீரும் இருந்தது, அந்தச் சிரிப்பும் வந்து உட்கார்ந்திருந்தது. "பிடிக்காத ஆள் மேல இவ்வளவு கோபம் வருமா... சொல்லுங்க?"

மேடம் உள்ளேயிருந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.