ஒன்பது வருஷம் நின்றவள்

ஜன்னல் திட்டில் மாத்திரை டப்பாவைக் காணோம்.

மெரெத்தே அந்த வெற்று இடத்தைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் நின்றாள். காலையில் வைட்டமின், மத்தியானம் கால்சியம், ராத்திரி இரும்புச்சத்து. ஒன்பது வருஷமாக இந்த வரிசை மாறியதில்லை. ஒரே ஒரு தடவை மாறியது, அதற்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

"அத்தை, என் டப்பா எங்க?"

மாமியார் டூரா திரும்பவில்லை. இன்றைக்கு அவருக்கு எண்பது முடிகிறது. முடியைச் சுருட்டி வலை போட்டுக்கொண்டு, வெள்ளிக் கரண்டிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அலமாரிக்குள்ள வச்சேன். இருபது பேர் வர்ற வீட்டுல காட்சிக்கு வச்ச மாதிரி அது எதுக்கு? உடம்பு இளைக்க வயித்துல ஆபரேஷன் பண்ணி ஒன்பது வருஷம் ஆச்சு. கால ஒடிச்சுக்கிட்டவன்கூட இதுக்குள்ள ஓடிருப்பான்."

"ஒடிஞ்ச காலு சேந்துடும் அத்தை. இது அப்படி இல்ல."

"சோல்வைக்கும்தான் பண்ணாங்க. ரெண்டே வருஷம் ஆகுது, என் பொண்ணு எல்லாரையும்போல சாப்பிடலையா? உனக்கு மட்டும் என்ன அதிசயம்?" டூரா கரண்டியைக் கீழே வைத்தார். "இன்னிக்கு என் மேசைல உக்காந்து மனுஷி மாதிரி சாப்பிடற. இல்லேன்னா உன் வண்டில கெடந்த அந்த பாட்டில் யாரோடதுன்னு எல்லார் முன்னாடியும் கேப்பேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாத…"

மெரெத்தே அலமாரியைத் திறந்து, மாத்திரையை எடுத்து விழுங்கிவிட்டு, டப்பாவைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தாள்.

தெற்கு யூட்லாந்துச் சீமையில் காப்பி மேசை விருந்து என்பது லேசுப்பட்ட சமாச்சாரம் இல்லை. மெத்தென்று ஏழு கேக், மொறுமொறுவென்று ஏழு. பதினாலிலும் கை வைக்காமல் எழுந்தால் வீட்டுக்காரியின் முகத்தில் அடித்த மாதிரி. இதில் வேடிக்கை என்னவென்றால், மூன்று நாளாக அந்தப் பதினாலையும் சுட்டவள் மெரெத்தேதான். கறுப்பு ரொட்டி அடுக்குக் கேக்கில் அவள் கையை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. ஆனால் அதில் ஒரு துண்டைச் சாதாரணமாகச் சாப்பிட்டுவிட்டால் அவளுக்கு நெஞ்சு படபடக்கும், சட்டை நனைய வியர்க்கும், தலை சுற்றும். குடல் வழியை மாற்றித் தைத்தவர்களுக்குச் சர்க்கரை அப்படித்தான் வேலை செய்யும்.

அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். காப்பிக் கூஜாவைக் கையில் எடுத்துக்கொள்வாள். சுற்றிச் சுற்றி வந்து ஊற்றுகிறவளைப் பார்த்து "நீ சாப்பிடலையா?" என்று யாரும் கேட்பதில்லை. ஒன்பது வருஷம் அந்த மேசையில் அவள் உட்கார்ந்ததே இல்லை. டூராவோ அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டார். இளைத்ததும் மருமகளுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது, நம்மோடு சமமாக உட்காரப் பிடிக்கவில்லை என்று.

பாட்டில் கதை வேறு. அது நாத்தனார் சோல்வையுடையது. ஆபரேஷனுக்குப் பிறகு சாப்பாட்டில் ஆறுதல் தேட முடியாதவள் ஒயினைப் பிடித்துக்கொண்டாள். இந்த வயிற்றுக்கு இரண்டு கோப்பை என்பது மற்றவர்களுக்கு ஆறு கோப்பை மாதிரி. போன செவ்வாய்க்கிழமை மெரெத்தே அதை அவள் பையிலிருந்து பிடுங்கித் தன் கார் சீட்டுக்கு அடியில் தள்ளினாள். தூக்கிப் போட மறந்துவிட்டாள். மாவு மூட்டை எடுக்கப் போன டூராவின் கையில் அது அகப்பட்டது.

"யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க அண்ணி," என்று அழுதிருந்தாள் சோல்வை. மெரெத்தே சத்தியம் பண்ணிவிட்டாள்.

பன்னிரண்டு மணிக்குக் கணவன் யெப்பே நாற்காலிகளைச் சுமந்துகொண்டு வந்தான். கதவைச் சாத்தினான்.

"மெரெத்தே… இன்னிக்காவது சொல்லு. யாரோடது அது?"

"என்னோடது இல்ல. அதுக்கு மேல கேக்காத."

"செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்குப் போய்ட்டு வந்த மறுநாள்தானே கெடச்சுது? அங்க என்னதான் நடக்குது? நல்லாத்தானே இருக்க. நோயாளிங்களோட வாரா வாரம் போய் உக்காந்து உனக்கு என்ன ஆகப்போகுது? நிறுத்திடு. அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்."

"நிறுத்தமாட்டேன்," என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "நாலாவது வருஷம் நான் பஸ் டிப்போல மயங்கி விழுந்தேனே, ஞாபகம் இருக்கா? மாத்திரைய விட்டுட்டேன், பதினோரு கிலோ ஏறிட்டேன், வெக்கத்துல உன்கிட்டகூட சொல்லல. அப்ப தினம் காலைல ஏழு மணிக்கு எனக்கு போன் பண்ணது யார்? அந்தக் கூட்டத்துக்கு வர்ற ஐனார். எழுபது வயசு மனுஷன். 'எழுந்தியா, மாத்திரை போட்டியா'ன்னு ரெண்டே கேள்வி. எட்டு மாசம் கேட்டாரு யெப்பே. டாக்டர் வருஷத்துக்கு ஒரு தடவைதான் பாக்கறாரு. மீதி நாளெல்லாம் என்னைப் பாத்தது அவங்கதான்."

யெப்பே தரையைப் பார்த்தான்.

"இப்ப என் முறை. இன்னொருத்தருக்கு நான் போன் பண்றேன். அவ்வளவுதான் சொல்வேன்."

டோண்டர் ஊர் நூலகத்தின் மாடி அறையில் செவ்வாய் தோறும் அதே ஆபரேஷன் ஆன ஏழு பேர் கூடுவார்கள். அறையில் கேட்டதை அறையிலேயே விட்டுவிட்டு இறங்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். "அறுத்தது வயித்தத்தான், பசிய இல்ல," என்று ஐனார் அங்கே அடிக்கடி சொல்வார். நூற்று நாற்பத்தொரு கிலோவில் அந்தப் படியேறிய மெரெத்தே இன்று ஒரே மூச்சில் ஏறுகிறாள். அந்த அறைக்காகத் தன் வீட்டிலேயே கெட்ட பெயர் வாங்க வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் தீர்மானித்துவிட்டாள். வலிக்கவில்லை என்று சொல்ல முடியாது. வலித்தது.

மூன்று மணிக்கு மேசை நிறைந்தது. மெரெத்தே கூஜாவை எடுத்தாள். மூன்றாவது சுற்றில் டூரா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். இன்னொரு கையால் அடுக்குக் கேக்கில் பெரிய துண்டாக வெட்டி, காலி நாற்காலிக்கு முன்னால் இருந்த தட்டில் வைத்தார்.

"உக்காரு."

"வேண்டாம் அத்தை. என்னால முடியாது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சோல்வை பதறிப்போய், "குடும்மா, நான் சாப்பிடறேன்," என்று அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். ஏற்கெனவே இரண்டு துண்டு உள்ளே போயிருந்தது. மெரெத்தே கண்ணால் தடுத்தாள். சோல்வை பார்க்காத மாதிரி மூன்றாவதையும் முடித்தாள்.

"பாத்தியா?" என்றார் டூரா, மேசை முழுவதற்கும் கேட்கும்படி. "இவதான் என் வயித்துல பொறந்தவ."

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சோல்வையின் முகம் மாவாக வெளுத்தது. நெற்றியில் வியர்வை கொட்டியது. எழுந்தவள் தள்ளாடி நாற்காலியோடு சாய்ந்தாள். கோப்பை உருண்டு உடைந்தது. கேட்ட கேள்விக்கு நாக்கு குழறியது.

டூரா எழுந்து நின்றார்.

"என் பொண்ணுக்கும் ஊத்திக் குடுத்துட்டியா…? உன் வண்டில பாட்டில் இருந்தப்பவே நெனச்சேன். நீ கெட்டது பத்தாதுன்னு அவளையும் கெடுத்துட்டியே… என் வீட்டுல, என் பொறந்த நாளன்னிக்கு…"

யெப்பேகூட மனைவியைச் சந்தேகத்தோடு பார்த்தான். அந்தப் பார்வை அவள் நெஞ்சில் தைத்தது. ஆனால் அழ நேரம் இல்லை. கூஜாவை வைத்துவிட்டு நாத்தனாரின் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

"வழி விடுங்க. யெப்பே, அந்த சோபாவ காலி பண்ணு. ஜன்னலத் தொற. யாரும் எதுவும் குடிக்கக் குடுக்காதீங்க. அரை மணி நேரத்துல சரியாயிடும்."

படுக்க வைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, ஈரத் துணியால் முகம் துடைத்தாள். "மூச்ச மெதுவா விடு. என்னைப் பாரு. எனக்கு இது பதினேழு தடவை வந்திருக்கு, செத்தா போயிட்டேன்?" சோல்வைக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது.

சொன்னபடியே நடுக்கம் மெல்ல அடங்கியது. சோல்வை சோபாவில் எழுந்து உட்கார்ந்தாள். எதிரே இருபது பேர் நின்றார்கள்.

"அம்மா… நான் இன்னிக்கு ஒரு சொட்டு குடிக்கல. இது நீ வெட்டி வச்ச கேக்கு. ரெண்டு வருஷமா உன் மனசு கோணக்கூடாதுன்னு சாப்பிட்டுட்டு, பாத்ரூம்ல போய் இப்படித்தான் கெடக்கறேன்."

"சோல்வை, போதும்," என்றாள் மெரெத்தே.

"இருங்க அண்ணி. அந்த பாட்டில் என்னோடது. மூணு மாசமா தினம் குடிச்சேன். அவங்கதான் என்னைக் கைய பிடிச்சு செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க. தினம் காலைல போன் பண்றாங்க. பதினோரு நாளா தொடல. போன வாரம் வாங்கி பையில வச்சேன், அதையும் தெறக்கறதுக்கு முன்னாடி பிடுங்கிட்டாங்க. இப்ப நீ திட்டினியே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பாங்க. எனக்காக வாயத் தெறக்கல…"

யெப்பேதான் முதலில் வந்தான். மனைவியின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சந்தேகப்பட்டேன்," என்றான். "ஆமா, பட்ட," என்றாள் அவள். கையை மட்டும் விடுவித்துக்கொள்ளவில்லை.

விருந்தாளிகள் கிளம்பிப் போனார்கள். மெரெத்தே பழக்கதோஷத்தில் மறுபடியும் கூஜாவை எடுத்தாள். டூரா அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"உக்காரும்மா."

இந்தத் தடவை அது கட்டளையாகக் கேட்கவில்லை. மெரெத்தே உட்கார்ந்தாள். டூரா கத்தியை எடுத்தார். எவ்வளவு வெட்டுவது என்று தெரியாமல் மருமகளின் முகத்தைப் பார்த்தார். மெரெத்தே சுண்டு விரலைக் காட்டினாள். அந்த அகலத்துக்கு ஒரு துண்டு தட்டில் விழுந்தது. கூடவே இரண்டு துண்டு சீஸ். பிறகு டூரா கோப்பையை இழுத்து ஊற்றப் போனார்.

"இல்ல அத்தை. சாப்பிட்டுட்டு அரை மணி நேரம் கழிச்சுத்தான் குடிக்கணும். ரெண்டும் ஒண்ணா போகக்கூடாது."

"ஒன்பது வருஷமா இது எனக்குத் தெரியாதே…"

"நீங்க கேக்கல. நானும் சொல்லல."

டூரா கூஜாவுக்குக் கம்பளித் தொப்பியை மாட்டினார். மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். கண்ணீர் வழிந்ததை அவர் துடைக்கவில்லை.

"நீ மெதுவா சாப்பிடு. என் மேசைல ஒன்பது வருஷம் நின்னிருக்க. அரை மணி நேரம் நான் காத்திருக்கமாட்டேனா?"

மெரெத்தேயின் கண்ணும் நிறைந்தது. அவள் சுட்ட கேக்கில் ஒரு துணுக்கை எடுத்து வாயில் போட்டு நன்றாக மென்றாள். டூரா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். அது ஐந்தரையைத் தொட்டதும் எழுந்து, தன் கையால் மருமகளின் கோப்பையை நிரப்பினார்.