சிவப்புக் கோல்

கோல் ஈரமாக இருந்தது.

விலிசி அதை மூக்கருகே கொண்டுபோனாள். ஆற்றடிச் சேற்றின் வாடை. கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டிருந்த வேனில் வந்த கோல் இப்படிச் சொட்டச் சொட்ட நனையுமா? அதை நீட்டிய ஓட்டுநர் முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

பழுதுபார்க்கப் பாலத்தில் பாதியைப் பெயர்த்துப் போட்டதிலிருந்து, சுவா நகருக்குப் போகிற வண்டிகளும் வருகிற வண்டிகளும் ஒற்றைத் தடத்தில் மாறி மாறித்தான் போகின்றன. நடுவே மேடு, இக்கரைக்கு அக்கரை தெரியாது. அதனால் வரிசையின் கடைசி வண்டியிடம் சிவப்புக் கோலைக் கொடுத்தனுப்புவார்கள். கோல் வந்துவிட்டால் பாலம் காலி. இருப்பது ஒரே கோல்.

இக்கரையில் வண்டிகளை நிறுத்தி அனுப்புவது விலிசியின் வேலை. அக்கரையில் அதே வேலைக்கு நிற்பவன் செவுலோனி, அவளுடைய மாமன் மகன். முறைக்காரியை வம்புக்கு இழுக்காவிட்டால் அவனுக்கு மரவள்ளிக்கிழங்கு தொண்டையில் இறங்காது. நேற்று அவளுடைய சாப்பாட்டு டப்பாவில் உயிர்நண்டை விட்டவன். இதுவும் அவன் வேலைதான். சந்தைவரை நின்ற வண்டிகள் ஹாரன் அடித்துக் காதைப் பிளந்தன. மழை வலுத்தது. எரிச்சலோடு கைப்பேசியில் கூப்பிட்டாள்.

“ஏன்டா, கோல ஆத்துல முக்கி அனுப்புனியா? வெக்கமா இல்ல?”

“அத்த பொண்ணே, மழைல மூள ஊறிடுச்சா? கோல் என் கைலதான் இருக்கு. கடைசில ஸ்கூல் பஸ் நிக்குது, அதுல குடுத்தனுப்பறேன். உன் மக சலாவும் இருக்கா.”

விலிசி தன் கையிலிருந்த கோலைப் பார்த்தாள். அவளே கட்டிய மஞ்சள் நாடா. அவளே போட்ட முடிச்சு.

“செவு! பஸ்ஸ விடாத! விளையாட்டு இல்லடா!”

“சரி, சரி. நிறுத்திட்டேன். சலாவ எறக்கிப் பக்கத்துலயே வச்சிக்கிறேன், போதுமா?”

போன உயிர் திரும்பி வந்தது.

அப்போது மேட்டுக்கு அப்பால் எஞ்சின் சத்தம். மழைக்குள்ளிருந்து பஸ் வந்தது. பள்ளிக்கூட பஸ். ஜன்னல் படுதாக்கள் இறங்கியிருந்தன. பிள்ளைகளின் சத்தமே இல்லை. படிகளில் கலங்கல் தண்ணீர் வழிந்தது.

அவளருகே நின்றது.

படுதா விலகியது. சின்னக் கை. மணிக்கட்டில், காலையில் அவள் போட்டுவிட்ட சிப்பி வளையம்.

“அம்மா, கையப் பிடி. பயமா இருக்கு.”

சலாவின் குரல்.

செவு பொய் சொல்கிறானா? பெற்றவளால் யோசிக்க முடியவில்லை.

கைப்பேசியில் அதே குரல் அழுதது.

“அம்மா, பிடிக்காதம்மா!”

அவள் பிடித்துவிட்டிருந்தாள். கை சில்லிட்டிருந்தது. படுதாவுக்குள்ளிருந்து முழங்கை வந்தது. அதற்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தது.