ஒன்பதாம் நாள் ரசம்

“கடுகு வேண்டாம்னு சொல்றேன்ல?”

“கடுகு இல்லாம என்னங்க ரசம்? வெறும் தக்காளித் தண்ணி. நேத்து வரைக்கும் கிடைக்கல, விட்டேன். இன்னிக்குப் பயிர்க்கூடத்துல கிடைச்சிருக்கு.”

“வாசனை வெளியே போச்சுன்னா நம்ம கதை முடிஞ்சுது, கோதை.”

“போகாது. காத்துத் துளையில ஈரத்துண்டு, அதுக்கு மேல உங்க விண்ணுடையோட வடிகட்டி. எட்டு நாளா போகாதது இன்னிக்கு மட்டும் போயிடுமா?”

தனசீலன் மறுபடி ஒருமுறை துண்டை அழுத்திப் பார்த்தான்.

செவ்வாயின் நான்காம் குமிழில் அது மதிய ஓய்வு நேரம். ஆறாயிரம் பேரும் சுவர்க்குழியில் கை நீட்டி, உணவுக்கட்டியை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு நாற்பது நொடி போதும். மூன்று தலைமுறையாக அங்கே யாரும் சமைத்ததில்லை. மூச்சுக்காற்று எல்லோருக்கும் பொது; அதில் புகையையும் தாளிப்பையும் கலப்பது காற்றுக் குற்றம்.

அவர்களுடைய மகள் எழினிக்கு ஐந்து வயது. கட்டியை வாயில் வைத்தாலே வாந்தி எடுத்தாள். மறுநாள் காலை எடை பார்ப்பார்கள். பதினான்கு கிலோவுக்குக் குறைந்தால் நேரூட்ட விடுதிக்குக் கொண்டுபோய் வயிற்றில் குழாய் பொருத்திவிடுவார்கள். அங்கே போய் வந்த பிள்ளைகளைக் கோதை பார்த்திருக்கிறாள். அவர்களுக்கு மெல்லுவதே மறந்துபோயிருந்தது.

கோதைக்குப் பயிர்க்கூடத்தில் வேலை. அங்கே விளைவது அத்தனையும் கூழாக அரைபட்டுக் கட்டியாகும். அதிலிருந்து தினமும் இரண்டு தக்காளியும் ஒரு பிடி அரிசியும் அவளுடைய கையுறைக்குள் வீடு வந்து சேர்ந்தன. தனசீலன் ஆய்வுக்கூடத்திலிருந்து மண்ணைச் சூடாக்கும் தகடு ஒன்றை எடுத்து வந்தான். செய்முறை, பூமியிலிருந்து வந்த ஒரு பழைய காணொளியில் கிடைத்தது. முதல் நாளே எழினி கிண்ணத்தை வழித்து நக்கினாள். இப்போது பதின்மூன்றே முக்கால் கிலோ. இன்னும் கால் கிலோ.

எண்ணெய் காய்ந்தது. கோதை கடுகைப் போட்டாள்.

பட். பட். படபடபட. தாளிப்பை ரசத்தில் கொட்டி, எழினியின் கிண்ணத்தில் ஊற்றினாள்.

அடுத்த நிமிடம் நடைபாதை முழுக்கச் சங்கு அலறியது. சிவப்பு விளக்கு கதவிடுக்கு வழியாக உள்ளே விழுந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசனையை அடைத்தவர்கள் ஓசையை நினைக்கவில்லை. குமிழின் சுவரெங்கும் செவிச்சில்லுகள் பதித்திருந்தன. கண்ணாடி மயிரிழை அளவு விரிசல் விட்டாலும் அந்தச் சத்தத்தைப் பிடித்துவிடும். கடுகு வெடிப்பது எப்படி இருக்கும் என்று அவற்றுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

“விரிசல் ஆய்வு! கதவைத் திறங்க!”

தனசீலன் தகட்டைக் கட்டிலுக்கடியில் தள்ளப் போய் விரலைச் சுட்டுக்கொண்டான். கதவு வெளியிலிருந்தே திறந்தது. மூச்சுக்கவசத்தோடு உள்ளே வந்த ஆய்வாளர் பிலோமினா, சுவர் நெடுகக் கருவியை ஓட்டினார். பிறகு நின்றார். கவசத்தை மெல்லக் கழற்றினார்.

“என்ன இது, வாசனை?”

“மேடம்... அது வந்து...”

“ரசம்,” என்றாள் எழினி. “உங்களுக்கு வேணுமா, ஆன்ட்டி?”

பிலோமினா குனிந்து, பிள்ளையின் கிண்ணத்திலிருந்து ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். கண்களை மூடிக்கொண்டார். மூக்கின் நுனி வியர்த்தது. கிண்ணம் காலியானது.

மணிக்கட்டில் இருந்த திரையைத் தொட்டு, “பொய்ச் சங்கு. விரிசல் ஒண்ணுமில்ல,” என்றார். சங்கு நின்றது. ஆனால் திரையில் காற்றுக் குற்றப் படிவம் திறந்தபடியே இருந்தது. அவருடைய விரல் அதன்மேல் நின்றது.

“யாரு செஞ்சது?”

“நான்தான் மேடம்,” என்றாள் கோதை. “பிள்ளைக்காக. நாளைக்கு எடை...”

“செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?”

“சோத்தோட சேத்து அரை மணி நேரம்.”

“அரை மணியா!” பிலோமினா உண்மையாகவே பதறினார். “சாப்பாட்டுக்கா? யாரும்மா அவ்வளவு நேரம் காத்திருப்பாங்க?”

எழினி அம்மாவின் பின்னால் ஒதுங்கினாள். பிலோமினா அவளையும் தகட்டையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நான் எதையும் பாக்கல. ஆனா ஒண்ணு. எங்க பிரிவுல நாப்பது பேர் இருக்கோம். இதை அப்படியே காயவெச்சுப் பொடிச்சு, சின்னச் சின்ன உறையில போட்டு, ஒரு வருஷம் கெடாம இருக்க ஏதாச்சும் கலந்து, வெந்நீர் ஊத்தினா போதும்ங்கிற மாதிரி செஞ்சு குடுத்துடேன்?”