அபயா கப்பலுக்கு ஆறு பெட்டி

கொச்சி மட்டாஞ்சேரி மானவ சேவா சமிதியின் தலைவர் வெங்கிடராமன் கொச்சங்காடிக்கு வந்து படியேறியபோது, முந்தின நாள் விழாவில் போர்த்திய பொன்னாடை இன்னும் தோளில் கிடந்தது. குளித்துவிட்டு மறுபடி போர்த்திக்கொண்டாரா, குளிக்கவே இல்லையா என்று ஸ்ரீநாத்துக்குச் சந்தேகம். துப்புத் துலக்குகிறவன் எதையும் சும்மா விடக்கூடாது என்று அதை மனசில் குறித்துக்கொண்டான்.

கீழே மிளகுக் கிடங்கு, மேலே சீதாலக்ஷ்மியின் அலுவலகம். கப்பல் சரக்கு நனைந்தாலும் நசுங்கினாலும் எலி தின்றாலும், குற்றம் யாருடையது என்று பார்த்து அறிக்கை தருவது அவர் தொழில். துறைமுகத்தில் அவரை ‘சர்வேயர் மாமி’ என்பார்கள். உதவியாளன் ஸ்ரீநாத், தான் பார்ப்பது சர்வே இல்லை, துப்பறிதல் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தான்.

“மாமி, ஒரே ஒரு வரி எழுதித் தரணும், அவ்வளவுதான்” என்று நாற்காலியில் சாய்ந்தார் வெங்கிடராமன். “‘பாக்கிங் சரியில்லை.’ சாப்பாட்டுக்கு முந்தித் தந்தா நன்னாயிருக்கும்.”

“எந்தப் பாக்கிங் அண்ணா?”

விஷயம் மெல்ல வந்தது. நடுவே அவர் நிகழ்த்திய சேவைகள் நிறைய வந்ததால் மெல்லத்தான் வர முடிந்தது. புயலில் சிதைந்த தீவுகளுக்குக் கடற்படையின் மருத்துவக் கப்பல் ‘அபயா’ இன்று மாலை கிளம்புகிறது. அங்கே ஆஸ்பத்திரிகளில் மின்சாரம் இல்லை, மருந்தும் கெட்டுப்போயிற்று. சர்க்கரை நோயுள்ள குழந்தைகள் இன்சுலினுக்காகக் காத்திருக்கின்றன. சமிதி ஆறு குளிர்ப்பெட்டி நிறைய இன்சுலின் தந்தது. நேற்று மாலை விழா, மேடை, மாலை மரியாதை. இன்று காலை கப்பல் துறையில் டாக்டர் கமாண்டர் ஸாதனா முதல் பெட்டியைத் திறந்தார். குப்பிகளில் மருந்து திரிதிரியாகப் பிரிந்து கிடந்தது. ஒரு குப்பி விரிசலே விட்டிருந்தது. ஆறு பெட்டியையும் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். காரணம் இன்னதென்று சர்வேயர் எழுதித் தந்தால்தான் மற்ற ஐந்தைத் தொடுவாராம்.

“காரணம் எனக்குத் தெரியுமே! பெட்டி கட்டினது அந்த பார்மசிஸ்ட் பொண்ணு, இசக்கிசெல்வி. ஐஸுன்னு சொல்லித் தண்ணியை வச்சிருக்கா. தூக்கி ஆட்டினேன், உள்ளே களக் களக்குன்னு சத்தம். மருந்து வெந்துபோயாச்சு.”

“எப்போ ஆட்டினேள்?”

“இன்னிக்குக் காலமே, கப்பல்கிட்ட. நேத்து விழா முடிஞ்சதும் நேரே ஆத்துக்குப் போயிட்டேன்.”

“எந்தப் பெட்டி?”

“முதல் பெட்டிதான். என் படம் ஒட்டினது அதுலதானே? மத்ததை நான் எதுக்குத் தொடப்போறேன்?”

சீதாலக்ஷ்மி தலையாட்டிக்கொண்டார். அப்போது வாசலில் ஒரு குரல்.

“அந்த ஒரு வரியை நானும் இருக்கும்போதே எழுதுங்க மேடம்.”

இசக்கிசெல்வி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எர்ணாகுளத்துக்கு வேலைக்கு வந்த குடும்பம். அபயாவில் மருந்தாளுநராகப் போக இடம் கிடைத்து, தோளில் கடல் பையோடு நின்றாள். கையில் ஒரு கடிதம். ‘என் கவனக்குறைவால்’ என்று தொடங்கும் மன்னிப்புக் கடிதம். தலைவர் தயார்செய்து தந்தது. கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலி.

“கையெழுத்துப் போட்டா விஷயத்தைப் பெரிசாக்க மாட்டாராம். நான் போடமாட்டேன்” என்றாள் செல்வி. “கப்பல்லேர்ந்து என்னை எறக்கிவிடட்டும், வேற ஆள் போவாங்க. ஆனா ஒரு பெட்டி கெட்டதுக்காக அஞ்சு பெட்டியக் கீழ கொட்டச் சொல்லுதாங்களே, அது முடியாது. அங்க பிள்ளைங்க கிடக்கு மேடம்.”

“எறக்கிவிடறதா? ஏத்தினதே நான்தானேடி குழந்தே!” என்றார் வெங்கிடராமன்.

“பரீட்சை எழுதி ஏறுனேன் சார். நீங்க சால்வைதான் போட்டீங்க.”

ஸ்ரீநாத் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சீதாலக்ஷ்மி குடையை எடுத்தார். “பெட்டியைப் பார்க்காம நான் ஒரு எழுத்தும் எழுதறதில்லை. வாங்கோ.”

சமிதி ஹால் வெங்கிடராமனின் இறால் ஏற்றுமதிக் கூடத்துக்கு முன்புறம் இருந்தது. வீட்டில் வெங்காயம்கூட நுழையவிடாத மனிதர் அவர். இறாலை வாங்கி, உறையவைத்து, கடல் கடந்து விற்பதில் மட்டும் ஆசாரம் குறுக்கே வந்ததில்லை. பின்பக்கத்து வாடை முன்னால் வராதபடி ஹாலில் ஊதுபத்தி எப்போதும் புகைந்துகொண்டிருந்தது. வாடை வந்தது, ஊதுபத்தியோடு சேர்ந்து வந்தது.

ஆறு நீலப் பெட்டிகளும் வரிசையாக இருந்தன. நேற்று மேடையில் போட்ட துளசியும் செண்டுமல்லியும் கட்டிய மாலைகள் அவற்றின் மேலேயே கிடந்தன. கமாண்டர் ஸாதனா வெள்ளைச் சீருடையில் நின்றிருந்தார். வேன்காரர் பிச்சை மூலையில் கிளாஸில் சாயா ஆற்றிக்கொண்டிருந்தார்.

“ஐந்தும் நல்லாத்தான் தெரியுது மேடம்” என்றார் ஸாதனா. “ஆனா இன்சுலின் கெட்டா எப்பவும் கண்ணுக்குத் தெரியாது. ஒரே கை கட்டின பெட்டிங்க. அந்தக் கை தப்புப் பண்ணியிருந்தா ஆறுமே தப்பு. தெரியாம ஒரு குழந்தைக்கு அதைப் போட என்னால ஆகாது.”

“நியாயம்” என்றார் சீதாலக்ஷ்மி. முதல் பெட்டியின் முன் குனிந்தார். மூடியில் வெங்கிடராமன் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். மூடியின் உள்புறம் ஒட்டிய வெப்பப் பட்டையைச் செல்வி காட்டினாள். சூடு ஏறினால் கறுத்துவிடும் பட்டை அது. ஆறு பெட்டியிலும் வெளுப்பாகவே இருந்தது.

“பட்டையே மட்டமான பட்டையாக்கும்” என்றார் வெங்கிடராமன்.

சீதாலக்ஷ்மி இரண்டாம் பெட்டியிலிருந்து ஒரு ஐஸ் பொதியை எடுத்து ஆட்டினார். களக் என்றது. மூன்றாவதிலும் களக், மற்ற மூன்றிலும் களக். “கேட்டேளா?” என்று துள்ளினார் தலைவர். முதல் பெட்டியின் பொதியை எடுத்து மேஜையில் தட்டினார் சீதாலக்ஷ்மி. டொக்கென்று செங்கல் போல விழுந்தது.

“டாக்டர், காலமே நீங்க திறக்கறப்போ இது எப்படி இருந்தது?”

“இதே மாதிரிதான். கல்லு. வேன்லேர்ந்து இறங்கின உடனே நானே திறந்தேன்.”

பிறகு சீதாலக்ஷ்மி மாலைகளைத் தொட்டுப் பார்த்தார். ஐந்தில் துளசி வாடித் தொங்கியது, ஆனாலும் பச்சை. முதல் பெட்டியின் மாலையில் துளசி கன்னங்கரேலென்று, வெந்த கீரை மாதிரி கையில் ஒட்டியது. செண்டுமல்லி கொழகொழத்தாலும் உருண்டை உருண்டையாக, வடிவம் கலையாமல் இருந்தது.

“பூக்காரன் ஏமாத்தியிருக்கான்” என்றார் வெங்கிடராமன்.

ஸ்ரீநாத்துக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. “மாமி, எனக்குப் புரிஞ்சாச்சு! பிச்சை அண்ணனோட வேன் நாள்பூரா என்ன ஏத்தறது? ஐஸ்கிரீம்! உள்ளே ஃப்ரீசர் இருக்கு. காலமே கொண்டுபோறப்போ பெட்டியைத் தூக்கி அதுக்குள்ளே வச்சுட்டார்!”

பிச்சை சாயாவைக் கீழே வைத்தார். “எந்தா தம்பி, நான் எதுக்கு வைக்கணும்? வாய் ருசிக்கா? வா, வந்து நீயே வச்சுக் காட்டு.”

வெளியே வேனில் ஃப்ரீசர் இருந்தது, மேலே மூடி திறக்கும் வகை. ஸ்ரீநாத் வீராவேசமாக முதல் பெட்டியை மாலையோடு தூக்கி உள்ளே இறக்கினான். பாதிதான் இறங்கியது. குறுக்கே திருப்பினான், நெட்டுக்கு நிறுத்தினான், முழங்காலால் அமுக்கினான். மூடி எந்த வழியிலும் மூடவில்லை.

“இன்னும் அமுக்கு” என்றார் பிச்சை. “பூ வேற நசுங்கிப்போச்சு. எங்கிட்ட வரும்போது அழகா இருந்துச்சு.”

வியர்வையோடு ஸ்ரீநாத் திரும்பி வந்தபோது சீதாலக்ஷ்மி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். “நீ சொன்னதுலே பாதி சரிடா” என்றார். “அது போதும். எல்லாரும் உக்காருங்கோ.”

தலைவர் மட்டும் நின்றார்.

“மருந்து சூட்டாலே கெடலை. பட்டை வெளுப்பா இருக்கு” என்று தொடங்கினார் சீதாலக்ஷ்மி. “உறைஞ்சு கெட்டிருக்கு. இன்சுலின் ஒரு தடவை உறைஞ்சா அதோட தீர்ந்தது. செல்வி, நீ பொதியை எப்படி வச்சே?”

“கல்லா இருக்கும்போது வைக்கவே மாட்டேன் மேடம். பக்கத்துல இருக்கிற மருந்து உறைஞ்சிரும்லா? வெளிய எடுத்து வச்சு, ஆட்டுனா தண்ணி சத்தம் கேக்கிற வரைக்கும் பொறுத்துத்தான் உள்ள வைப்பேன். அதான் முறை.”

“அதான் முறை” என்றார் ஸாதனாவும்.

“அப்போ நேத்திக்குச் சாயங்காலம் ஆறு பெட்டியிலும் களக் களக். இன்னிக்கு அஞ்சு பெட்டியிலே அதே சத்தம். ஒரு பெட்டியிலே மட்டும் ஐஸ் கூடியிருக்கு. ஐஸ் உருகும், தானா வளருமோ? ராத்திரி யாரோ அந்தப் பெட்டியை ஃப்ரீசர்ல வச்சிருக்கா. மூடியைத் திறந்தே வச்சிருக்கணும், இல்லேன்னா இந்தக் கெட்டிப் பெட்டிக்குள்ளே இவ்வளவு குளிர் ஏறாது. மாலையோடதான் வச்சிருக்கா, துளசி கறுத்திருக்கு பாருங்கோ. குளிர்ல உறைஞ்சு இளகின துளசிக்குத்தான் அந்த நிறம். ஆனா ஸ்ரீநாத் அமுக்கறவரைக்கும் பூ நசுங்கலை. பெட்டி தாராளமா உக்கார இடம் இருந்திருக்கு. பிச்சையோட ஃப்ரீசருக்குள்ளே நடக்காது, ஸ்ரீநாத் முழங்காலாலே நிரூபிச்சாச்சு. ஆள் நடந்து உள்ளே போற மாதிரி குளிர் அறை வேணும்.”

எல்லார் கண்ணும் ஹாலின் பின்சுவரை நோக்கிப் போயிற்று. ஊதுபத்தி அணைந்திருந்தது.

“என் ஆட்கள் யாராவது...” என்றார் வெங்கிடராமன்.

“ஆட்கள் இல்லை அண்ணா. முதல் பெட்டியிலே களக் களக்னு கேட்டேன்னு சொன்னேள். காலமே கப்பல்கிட்ட கேட்டதா சொன்னேள். காலமே அது கல்லு, டாக்டரே சாட்சி. கல்லு சத்தம் போடாது. அந்தப் பெட்டிக்குள்ளே தண்ணிச் சத்தம் கேட்டிருக்கணும்னா, அது உறையறதுக்கு முந்தி. விழா முடிஞ்சப்புறம், நேரே ஆத்துக்குப் போனதா சொன்னேளே, அப்போ.”

பொன்னாடை தோளிலிருந்து வழுக்கியது. தலைவர் பிடிக்கவில்லை.

“ஆட்டிப் பார்த்தேன்” என்றார் கடைசியில். “தண்ணி. இந்தப் பொண்ணு உருகின ஐஸை வச்சு ஏமாத்திப்பிட்டான்னு நெனச்சேன். என் படம் ஒட்டின பெட்டியாச்சே, கெட்டுப்போனா என் மானம் என்ன ஆறது? நானே தூக்கிண்டுபோய் உள்ளே வச்சு, மூடியையும் திறந்து வச்சேன். விடிஞ்சதும் கொண்டுவந்து வச்சேன். குளிர்ந்தா நல்லதுதானே மாமி? முப்பது வருஷமா இறாலை இப்படித்தான்...”

“இறால் செத்துப்போனது. இது உயிரோட இருக்கறவாளுக்கு.”

ஸ்ரீநாத்துக்கு அந்த ஆள்மேல் ஒரு கணம் இரக்கம்கூட வந்தது. இன்னொரு பெட்டியையாவது காப்பாற்ற நினைத்திருந்தால் இரக்கம் நிலைத்திருக்கும். தன் முகம் ஒட்டிய ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடியவர், காலையில் பழியைச் செல்வியின் தலையில் கட்டிவிட்டு ஐந்து பெட்டியையும் குப்பைக்கு அனுப்பத் தயாராக இருந்தார்.

செல்வி அழவில்லை, சத்தம் போடவுமில்லை. கையெழுத்தில்லாத கடிதத்தைத் தலைவர் முன்னால் வைத்தாள். “அது கிடக்கட்டும் சார். கெட்டுப்போன பெட்டிக்குப் பதிலா மருந்து வேணும். எர்ணாகுளத்துல மொத்தக்கடையில இருக்கு. உங்க பேர்ல ஃபோன் போட்டா உடனே தருவாவ. போடுங்க.”

“இப்பவா?”

“கப்பல் நாளைக்குப் போனா நாளைக்குப் போடலாம்.”

வெங்கிடராமன் ஃபோன் செய்தார். பிச்சை வேனைக் கிளப்பினார், பாலத்து நெரிசலுக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே. செல்வி பக்கத்தில் ஏறிக்கொண்டாள். சீதாலக்ஷ்மி அங்கேயே உட்கார்ந்து அறிக்கையை எழுதினார்.

“மாமி, ‘தொழில்நுட்பக் காரணம்’னு போட்டுடலாமே” என்றார் வெங்கிடராமன் தாழ்ந்த குரலில். “சமிதியோட பேர் இருக்கே.”

“சேதத்துக்குக் காரணம்: தலைவர், இறால் குளிர் அறையில் வைத்தது” என்று வாய்விட்டுப் படித்தபடியே எழுதி முடித்தார் அவர். ஸாதனா அதை வாங்கிப் பார்த்து, ஐந்து பெட்டிகளையும் ஏற்றச் சொன்னார்.

பிற்பகல் வெயில் சாயும்போது பிச்சையின் வேன் கப்பல் துறைக்குள் வந்து நின்றது. ஆறாவது பெட்டியைச் செல்வி தானே இறக்கினாள். புதுப் பெட்டி, வெறும் நீலம். ஸாதனா மூடியைத் திறந்து, ஒவ்வொரு குப்பியாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவசரப்படவில்லை. ஸ்ரீநாத் எட்டி எட்டிப் பார்த்தான். கப்பலின் பெயர்ப்பட்டியலில் செல்வியின் பெயர்மேல் காலையில் ஸாதனா போட்ட கோடு இன்னும் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

ஸாதனா மூடியை மூடினார். “பெட்டி ஏறலாம்” என்றார். அப்புறம் செல்வியைப் பார்த்தார். “நீ கடல்ல போயிருக்கியா?”

“இல்ல மேடம்.”

“வெளிக்கடல் போனதும் அலை தூக்கிப் போடும். பெரிய பெரிய ஆளெல்லாம் வாந்தி எடுத்துப் படுத்துருவாங்க. உனக்கு எப்படி?”

“எனக்கும் வரும் மேடம்” என்றாள் செல்வி. கடல் பையைத் தோளில் சரிசெய்துகொண்டாள். “பக்கத்துல ஒரு வாளி வச்சுக்கிட்டு மருந்து எடுத்துக் குடுப்பேன்.”

கமாண்டர் ஏணியைவிட்டு ஒதுங்கி வழிவிட்டார்.