இரண்டாவது கோடு

திருக்காட்டுப்பள்ளியைத் தாண்டி, வாய்க்கால் ஓரத்தில் இருந்த அந்தப் பழைய ரைஸ்மில் வாசலில் ஷமா ஸ்கூட்டியை நிறுத்தியபோது இன்னும் மத்தியானம்கூட ஆகவில்லை. ஆனால் ஐப்பசி மழை இருட்டிக்கொண்டு வந்ததில் பொழுது சாய்ந்ததுபோல் இருந்தது. சுவர்களில் நெல் அவித்த வாசம் ஊறிக் கிடந்தது. மில் ஓடி வருஷக்கணக்காகிவிட்டது. இப்போது அது ஒரு தனியார் ஆராய்ச்சிக்கூடம். இன்று முதல் ஷமா அங்கே கால்நடை மருத்துவர்.

நெல் வாசத்துக்கு அடியில் இன்னொரு வாசமும் இருந்தது. முடி பொசுங்கிய வாசம்.

"மூக்கைச் சுளிக்காதீங்க டாக்டரம்மா, பழகிடும்," என்று குடையை நீட்டினாள் ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் அம்சவல்லி. "உங்களுக்கு முன்னாடி இருந்த டாக்டருக்குத்தான் பழகல. மத்தியானச் சோத்தைப் பிரிக்காமலே ஓடிட்டாரு. டிபன்பாக்ஸ் எங்கிட்டதான் இருக்கு. நல்ல பாக்ஸ்."

உள்ளே, முன்பு நெல்மூட்டை அடுக்கி வைத்திருந்த கூடத்தில் இரண்டு மரப்பட்டிகள். ஒன்றில் செந்நிற வெள்ளாடு ஒன்று நின்றது. மற்றது காலி.

"இது செவலை. அதுல இருந்தது இதோட குட்டி, கருப்பி. நம்பர்தான் சொல்லணும்னு சார் சொல்லுவாரு. நான் பேர்தான் சொல்லுவேன்."

"குட்டி எங்கக்கா?"

அம்சவல்லி குரலைத் தாழ்த்தினாள். "ஊசியில கரண்டைக் கூட்டிக்கிட்டே போனாரு. அது கத்துச்சு. அப்புறம் கத்தல. காலிப் பட்டிப் பக்கம் மட்டும் நிக்காதீங்க."

இயக்குநர் சேரன் கையுறையை மாட்டியபடியே வந்தார். சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னார். ஆட்டின் முன்னங்காலில், உட்புறம், ஒரு அக்குபஞ்சர் புள்ளி. அங்கிருந்து சக்தி நாளம் நேரே இதயத்துக்குப் போகிறது. அந்தப் புள்ளியில் குத்தினால் இதயத் துடிப்பு மாற வேண்டும். சம்பந்தமில்லாத வேறு இடத்தில் குத்தினால் மாறக் கூடாது.

"குட்டியில நிரூபிச்சாச்சு. ஊசி போட்டேன், இதயம் நின்னுது."

"கரண்டுல நின்னிருக்கும் சார். ஊசியில இல்ல."

சேரன் அதைக் காதில் வாங்காதவர்போல் மானிட்டரைத் தட்டினார். "நாளைக்கு வெளியூர்க் குழு வருது. இன்னிக்கு இதோட நெஞ்சைத் திறந்து, இதயத்தைக் காட்டி, ஊசி போட்டு வீடியோ எடுக்கணும். நீங்க மயக்க மருந்து குடுத்தா போதும். ஆடு பிழைக்காது. அதுக்குத்தான் வாங்கினது."

செவலை ஷமாவின் துப்பட்டா நுனியை மெல்லத் தொடங்கியிருந்தது.

"நெஞ்சைத் திறக்காம ஒரு தடவை காட்டுங்க. பார்த்துட்டு முடிவு பண்றேன்," என்றாள் ஷமா.

மானிட்டரில் இரண்டு கோடுகள். மேலே செவலையின் இதயம், அமைதியாக. கீழே இரண்டாவது கோடு, கருப்பிக்கு வைத்திருந்தது. அதன் கிளிப்புகள் காலிப் பட்டியின் ஆணியில் தொங்கின. கோடு நேராகப் படுத்திருந்தது.

சேரன் ஊசியை எடுத்துப் புள்ளியில் செருகினார்.

முதல் கோடு அசையவில்லை.

இரண்டாவது கோடு துள்ளியது.

"கரண்ட் கசியுது," என்றார் சேரன். கிளிப்புகளின் ஒயரை மானிட்டரிலிருந்தே பிடுங்கி எறிந்தார்.

கோடு துள்ளிக்கொண்டே இருந்தது. சின்னச் சின்னதாக, அவசரமாக. பயந்த குட்டியின் துடிப்பு.

"சார் பேய்க்கும் மீட்டர் வச்சிட்டாரு," என்று முணுமுணுத்த அம்சவல்லி வாசற்படிவரை பின்வாங்கினாள்.

ஷமா வாசலைப் பார்த்தாள். ஓடியிருக்கலாம். முந்தைய டாக்டர் ஓடியிருக்கிறார். ஆனால் ஓடினால் செவலையின் கயிறு இந்த மனிதர் கையில் இருக்கும்.

"வேற இடத்துல குத்துங்க," என்றாள். "சம்பந்தமில்லாத புள்ளியில."

சேரன் ஆட்டின் தொடையில் குத்தினார். இரண்டாவது கோடு துள்ளியது.

"இப்ப நான்." ஷமா ஊசியை வாங்கி, அவர் காட்டிய அதே முன்னங்கால் புள்ளியில் மெல்ல வைத்தாள். கோடு படுத்தது. நேராக. அமைதியாக.

"இப்ப ஆட்டை விட்டுடுங்க. இந்த மரத்தூண்ல குத்துங்க."

"என்ன விளையாட்டு இது?"

"குத்துங்க சார். ஆராய்ச்சிதானே."

சேரன் ஊசியைத் தூணில் குத்தினார்.

கோடு திரையின் உச்சிக்கு எகிறியது.

காலிப் பட்டிக்குள் வைக்கோல் சரசரத்தது.

"நீங்க தேடின தொடர்பு கிடைச்சிடுச்சு," என்றாள் ஷமா. "அது எந்தப் புள்ளியிலயும் இல்ல. ஆட்டுலயும் இல்ல. உங்க கையில இருக்கு. நீங்க எங்க குத்தினாலும் குட்டிக்கு வலிக்குது. செத்தும் வலிக்குது."

"மருந்தைக் குடு."

"மாட்டேன்."

"வேலை போயிடும்."

"போகட்டும். இந்த ஆட்டுக்கு மயக்க மருந்து போடற கை என் கை இல்ல."

சேரன் மருந்துக் குப்பியை எடுத்தார். தானே சிரிஞ்சில் ஏற்றினார். செவலையின் கயிற்றைப் பிடித்து இழுத்தார். ஷமா குறுக்கே போய் அதன் பட்டிக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"தள்ளு."

"என்னைக் குத்திட்டுப் போங்க."

மின்சாரம் போனது. மானிட்டர் அணைந்தது. மழைச் சத்தம் மட்டும்.

இருட்டில் இரண்டாவது கோடு தனியாக ஒளிர்ந்தது.

பொசுங்கல் வாசம் திடீரென்று கனத்தது. பிறகு, முழங்கால் உயரத்திலிருந்து, மிக அருகில், ஒரு சின்னக் குட்டியின் கத்தல். சேரன் குனிந்து பார்த்தார். அவருடைய பேன்ட் துணி ஒரு பக்கமாக உள்ளே அழுந்தியிருந்தது, ஏதோ ஒன்று தலையை வைத்து முட்டுவதுபோல.

அங்கே எதுவும் இல்லை.

சிரிஞ்சு கீழே விழுந்தது. கோடு அப்படியே நேரானது, மங்கியது, அணைந்தது.

"போயிடுச்சு," என்றார் சேரன். சிரிக்க முயன்றார். பிறகு கையுறையைக் கழற்றினார்.

மணிக்கட்டின் உட்புறம், ஆட்டுக்கு அவர் குத்தும் அதே இடத்தில், ஒரு பொட்டு ரத்தம்.

செவலை காதுகளை நிமிர்த்தி அவரையே பார்த்தது.

"கொண்டு போ," என்றார், சுவரைப் பிடித்தபடி. "எங்கேயாவது கொண்டு போயிடு."

ஷமா கயிற்றை அவிழ்த்தாள். அம்சவல்லி அன்றைக்கே வேலையை விட்டாள். டிபன்பாக்ஸை மட்டும் மறக்கவில்லை.

தை அறுவடை முடிந்து வயல்களில் நெல்தாள் காய்ந்துகொண்டிருந்த ஒரு பிற்பகல். பூதலூரில் ஷமா வீட்டு முன் கார் நின்றது. சேரன் பாதியாக இளைத்திருந்தார். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் பொத்தானைப் போட்டிருந்தார்.

"எல்லா டாக்டரும் பார்த்தாச்சு. ஒண்ணும் இல்லைங்கறாங்க. நீ பாரும்மா."

பொத்தானைக் கழற்றிக் கையை நீட்டினார். ஷமா விரலை வைத்தாள்.

நாடி ஒன்று, அவருடையது. அதற்கு அடியில், சின்னதாக, அவசரமாக, இன்னொன்று.

"எடுத்துடும்மா," என்று கிசுகிசுத்தார்.

"எடுக்கத் தெரியாது சார்." ஷமா விரலை விலக்கினாள். "தெரிஞ்சாலும் எடுக்க மாட்டேன்."

கொல்லையிலிருந்து கயிற்றை இழுத்துக்கொண்டு செவலை வந்தது. அவருடைய மணிக்கட்டை முகர்ந்தது. பிறகு, அப்போதுதான் ஈன்ற குட்டியை நக்குவதுபோல, கண்ணை மூடி நக்கத் தொடங்கியது. தொண்டைக்குள்ளிருந்து, குட்டியிடம் மட்டும் தாயாடு பேசும் அந்த மெல்லிய குரல்.

சேரனால் கையை இழுக்க முடியவில்லை.

சட்டைக் கைக்குள்ளிருந்து பதில் குரல் வந்தது.